டார்: காந்தநாடாவில் கோப்பேற்றும் கட்டளை

டார் என்பது யூனிக்ஸ், லினக்ஸ் கணினிகளில் பல கோப்புகளை ஒரே சரமாகக் கோத்துக் காந்தநாடாவில் ஏற்றவும், நாடாவிலிருந்து திரும்ப இறக்கவும் பயன்படும் கட்டளை. 'நாடாக் காப்பகம்' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரைச் சுருக்கி வைத்த பெயர். ரோடு போடும் தாருக்கும் இதற்கும் உறவில்லை. பெல் ஆய்வகம் 1979 ஜனவரியில் வெளியிட்ட யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் முதன்முதலாக இடம்பெற்றது. அதுவரை அந்த வேலையைச் செய்துவந்த டிபி என்ற கட்டளை அத்தோடு ஓரங்கட்டப்பட்டது. இன்று டாரைத் தினமும் தட்டுபவர்களில் பெரும்பாலோர் இணையத்திலிருந்து இறக்கிய மென்பொருள் மூட்டையைப் பிரிப்பதற்கே அதைப் பயன்படுத்துகிறார்கள்; நாடாவைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் அந்தக் கட்டளையின் ஒவ்வொரு பழக்கமும் நாடாவிடம் கற்றது. நாடா ஓடுவதைப் பார்த்தவருக்கு டாரின் விசித்திரங்கள் விசித்திரமாகத் தெரிவதில்லை.

முத்தோரைச் சரிவு

நாடாவை நம்பி வாழ்ந்த அறிவியல் துறைகளில் வானொலி வானியல் முக்கியமானது. தமிழ்நாட்டில் அதன் முகவரி நீலகிரி. உதகைக்கு அருகே முத்தோரையில், மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்துக்கும் கேரட் தோட்டங்களுக்கும் அக்கம்பக்கமாக, டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் உதகை வானொலித் தொலைநோக்கி இருக்கிறது. 1970 இல் இயங்கத் தொடங்கிய இதை உருவாக்கிய குழுவின் தலைவர் கோவிந்த் ஸ்வரூப் (1929–2020). அந்த நிறுவனத்தை நிறுவிய ஹோமி பாபாவின் அழைப்பை ஏற்று 1963 இல் வெளிநாட்டிலிருந்து திரும்பியவர். தொலைநோக்கி 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். 24 பரவளையச் சட்டங்களின் மேல் 1,100 துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளை இழுத்துக் கட்டியதுதான் அதன் கண்ணாடி. குவியக் கோட்டில் 1,056 இருமுனை ஏற்பிகள் 326.5 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வானத்தைக் கேட்கின்றன.

இடத்தேர்வில் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. உதகையின் அட்சரேகை ஏறத்தாழ 11 பாகை. வடக்குத் தெற்காக அதே 11 பாகை சாய்ந்த ஒரு மலைச்சரிவைத் தேடிப் பிடித்து அதன்மேல் தொலைநோக்கியைக் கிடத்தினார்கள். அதனால் அதன் நீள அச்சு பூமியின் சுழலச்சுக்கு இணையாகிவிட்டது. ஒரே அச்சில் புரட்டினால் போதும், ஒரு விண்பொருளை ஒன்பதரை மணி நேரம் விடாமல் பின்தொடரலாம். சமவெளியில் இதற்குப் பெருஞ்செலவில் கட்டுமானம் வேண்டியிருக்கும். நீலகிரி அதை இலவசமாகக் கொடுத்தது.

தொலைநோக்கியின் முதல் பெரிய வேலை நிலவு மறைப்பு. தொலைதூர வானொலி மூலம் ஒன்றின் முன்னால் நிலவு கடக்கும்போது, விளிம்பில் மறையும் கணத்திலும் வெளிவரும் கணத்திலும் அலைச்செறிவு எப்படி ஏறி இறங்குகிறது என்று பார்த்து அந்த மூலத்தின் கோண அளவைக் கணிக்கும் முறை இது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மூலங்கள் இப்படி ஆராயப்பட்டன. நிலவு மறைப்புக்கு ஒத்திகை கிடையாது. அந்தச் சில நொடிகள் பதிவாகாமல் போனால் நிலவு வேறு பாதைக்குப் போய்விடும். அதன் பாதை பழைய இடத்துக்குத் திரும்ப 18 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். நேரில் கேட்டதை நம்பகமாக எழுதிவைக்க ஒரு பொருள் வேண்டும், பிறகு அதைக் கணினி வாசிக்கவும் வேண்டும். காகிதச் சுருளில் பேனா கிறுக்கிய கோடு கண்ணுக்கு உதவும். கணினிக்கு உதவியது காந்தநாடா.

நாடாவின் உடம்பு

அந்தக் காலத்து நாடா என்றால் அரை அங்குல அகலமுள்ள பாலியெஸ்டர் பட்டை. ஒரு பக்கத்தில் இரும்பு ஆக்சைடு பூச்சு. பத்தரை அங்குலச் சுருளில் 2,400 அடி. ஐபிஎம் 1964 இல் சிஸ்டம் 360 கணினிகளோடு கொண்டுவந்த ஒன்பது தட முறையில், அகலவாக்கில் எட்டுத் தடங்கள் ஒரு பைட்டைத் தாங்கும். ஒன்பதாவது தடம் பிழை பார்க்கும். நீளவாக்கில் ஓர் அங்குலத்துக்கு 800, பிறகு 1,600, பிறகு 6,250 பைட்டுகள் எழுத முடிந்தது. சுருளின் பின்புறத்தில் ஒரு பிளாஸ்டிக் வளையம் மாட்டினால்தான் கருவி எழுதும். வளையத்தைக் கழற்றிவிட்டால் யார் என்ன கட்டளை கொடுத்தாலும் எழுதாது. மென்பொருள் பூட்டு எதையும்விட இந்த வளையத்தை நான் நம்புவேன்.

ஓடும் நாடாவை நிறுத்தவும் திரும்ப வேகம் பிடிக்கவும் கொஞ்சம் இடம் வேண்டும். அதனால் தரவு தொகுதி தொகுதியாக எழுதப்பட்டது. தொகுதிக்கும் தொகுதிக்கும் நடுவே வெறும் நாடா. 1,600 அடர்த்தியில் இந்த வெற்றிடம் 0.6 அங்குலம். கேட்பதற்கு அற்பமாகத்தான் இருக்கும். கணக்குப் போட்டால் தெரியும்.

2,400 அடி என்பது 28,800 அங்குலம். 512 பைட் தொகுதிகளாக எழுதினால் ஒவ்வொன்றும் 0.32 அங்குலம் தரவு, 0.6 அங்குலம் வெறுமை. பட்டையின் மூன்றில் இரண்டு பங்கு வெறுமைக்கே போய்விடுகிறது. சுருளில் ஏறுவது 16 மெகாபைட். டார் அப்படி எழுதுவதில்லை. இருபது 512-ஐச் சேர்த்து 10,240 பைட்டாகக் கட்டி ஒரே வீச்சில் எழுதுகிறது. இப்போது தரவு 6.4 அங்குலம், வெறுமை அதே 0.6. சுருளில் 42 மெகாபைட் ஏறுகிறது. தேயிலைத் தோட்டத்தில் பச்சை இலையைச் சின்னச் சின்னப் பைகளாகக் கட்டி லாரியில் அடுக்கினால் பைக்கும் பைக்கும் இடையிலான சந்துதான் ஃபேக்டரிக்குப் போகும் என்பது எடை போடும் கணக்குப்பிள்ளைக்குத் தெரியும். டாரின் 'இருபது' அந்தக் கணக்குதான். நாற்பது ஆண்டுகள் கழித்து, நாடாவே இல்லாத மடிக்கணினியிலும் டார் இன்னமும் பழக்கதோஷத்தில் 10,240 பைட்டின் மடங்காகவே கோப்பை முடிக்கிறது. ஒரே ஒரு வரி உள்ள கோப்பை மூட்டை கட்டிப் பார்த்தால் 10,240 பைட் காட்டும்.

முத்தோரைக்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தொலைநோக்கியில் ஒரே நேரத்தில் 12 கற்றைகள். சூரியக் காற்றால் வானொலி மூலங்கள் மினுங்குவதை ஆராய ஒவ்வொரு கற்றையையும் நொடிக்கு 50 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் இரண்டு பைட்டில் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். நொடிக்கு 1,200 பைட். ஒன்பதரை மணி நேரத்துக்கு 41 மெகாபைட். ஒரு முழுநாள் வானம், டார் அளவில் எழுதினால் ஒரே சுருளில் அடங்கிவிடுகிறது. 512 பைட் அளவில் எழுதினால் மூன்று சுருள் வேண்டும்.

நொடிக்கு 1,200 பைட் என்பது 9,600 பிட். பழைய தொலைபேசி மோடத்தின் பெருமைக்குரிய வேகமும் அதே 9,600 தான். அதாவது கம்பி ஒரு நொடிகூடத் தடுமாறாமல் இருந்தால், வானம் பேசுகிற வேகத்திலேயே தரவைக் கீழே அனுப்பலாம்; ஒரு மழைக்கு லைன் செத்துப்போகும் மலையில் அந்த 'இருந்தால்' பெரிய சொல். அதற்குப் பதில் பத்துச் சுருள்களைப் பையில் போட்டுக்கொண்டு மலை ரயிலில் உட்கார்ந்தால், மேட்டுப்பாளையம் வரையிலான 46 கிலோமீட்டரை, இடையில் பல்சக்கரம் பிடித்து, இறங்க மூன்றரை மணி நேரம். அந்தப் பையில் தரவு நகரும் வேகம் மோடத்தைப் போல் 27 மடங்குக்கு மேல். அந்நாளைய பெரிய கணினிகள் ஊட்டியில் இல்லை. டாடா ஆராய்ச்சி நிறுவனத்தின் சிடிசி 3600 கணினி 1964 இலிருந்து பம்பாய்க் கொலாபாவில் இருந்தது. மலையில் எழுதிய நாடா தொலைவிலுள்ள பெரிய கணினியைப் பார்க்க வேண்டுமானால் யாராவது சுமந்துதான் போக வேண்டும்.

கட்டளை

டாருக்கு அடுத்து வரும் எழுத்துகள் வேலையைச் சொல்கின்றன. சி என்றால் புதிதாக எழுது. எக்ஸ் என்றால் பிரித்தெடு. டி என்றால் பட்டியல் காட்டு. வி என்றால் செய்வதைச் சொல்லிக்கொண்டே செய். எஃப் என்றால் இன்ன இடத்தில். 'டார் சிவிஎஃப்' என்று தட்டி, நாடாக் கருவியின் பெயரையும் ஏற்ற வேண்டிய அடைவின் பெயரையும் கொடுத்தால் முடிந்தது. சி, எக்ஸ் இரண்டும் விசைப்பலகையில் பக்கத்துப் பக்கத்து விசைகள். பிரிக்க நினைத்து எக்ஸுக்குப் பதில் சி-யைத் தட்டியவர், கோப்புப் பெயரும் கொடுத்திருந்தால், நாடாவின் தொடக்கத்தை அழித்துவிடுவார். டார் 'நிஜமாகவா?' என்று கேட்காது. வளையத்தைக் கழற்றி வைத்திருந்தால் தப்பிக்கலாம்.

நாடாவில் போய் விழும் வடிவம் எளிமையானது. ஒவ்வொரு கோப்புக்கும் முன்னால் 512 பைட் தலைப்பு: பெயருக்கு 100 பைட், பிறகு அனுமதி, உரிமையாளர், அளவு, நேரம், சரிபார்ப்புத் தொகை. எண்கள் எட்டடிமான முறையில், சாதாரண எழுத்துகளாக. பிறகு கோப்பு, 512-இன் மடங்கு வரை சுழியால் நிரப்பி. கடைசியில் வெறும் சுழிகளாலான இரண்டு 512. அளவை எட்டடிமானத்தில் 11 இலக்கமாக எழுதியதால் ஒரு கோப்பு 8 ஜிகாபைட்டைத் தாண்ட முடியாது என்ற எல்லை வந்தது. 42 மெகாபைட் சுருளை எதிரே வைத்துக்கொண்டு அதைத் தீர்மானித்தவர்களைக் குறை சொல்ல முடியாது. பிற்கால நீட்டிப்புகள் அந்த எல்லையைத் தாண்டிவிட்டன.

பொருளடக்கம் என்று ஒன்று எங்கும் கிடையாது. கடைசிக் கோப்பின் பெயரை அறியக்கூட முழு நாடாவையும் ஓட்ட வேண்டும். வட்டில் பழகியவர்களுக்கு இது சோம்பேறித்தனமாகப் படும். நாடாவில் பின்னால் போய்ப் பொருளடக்கத்தைத் திருத்த முடியாது. எழுதிக்கொண்டே போவதுதான் ஒரே வழி. அதனாலேயே நடுவில் ஓரிடம் பழுதானால் டார் அடுத்த நல்ல தலைப்பைத் தேடிப் பிடித்துத் தொடர முடிகிறது. ஆனால் மொத்த மூட்டையையும் ஜிசிப் என்ற சுருக்கும் கட்டளை போட்டு அழுத்தியிருந்தால் இந்த நன்மை போய்விடும்: ஓர் இடம் கெட்டால் அதற்கு அப்புறம் இருப்பதெல்லாம் சாதாரண வழியில் திறக்காது. நீண்ட காலம் வைக்க வேண்டிய நாடாவில் மொத்தமாக அழுத்தி எழுதுவது, இடத்துக்கு ஆசைப்பட்டு எல்லாவற்றையும் ஒரே கயிற்றில் தொங்கவிடுவது.

டாரின் துணைக்கட்டளை எம்டி. நாடாவைத் தொடக்கத்துக்குச் சுற்றுவது, ஒரு கோப்புக் குறியைத் தாண்டி முன்னே போவது, எழுதியதன் முடிவுக்குப் போவது, நிலையைக் கேட்பது, கருவியிலிருந்து வெளியே தள்ளுவது எல்லாம் இதன் பொறுப்பு. புதியவர்கள் விழும் பள்ளமும் இங்கேதான். லினக்ஸில் ஒரே நாடாக் கருவிக்கு இரண்டு பெயர்கள்: எஸ்டி0, என்எஸ்டி0. முதல் பெயரால் கூப்பிட்டால் வேலை முடிந்ததும் நாடா தானாகவே தொடக்கத்துக்குத் திரும்பிவிடும். இரண்டாவதால் கூப்பிட்டால் நின்ற இடத்திலேயே நிற்கும். எஸ்டி0 பெயரில் திங்கட்கிழமைத் தரவை ஏற்றுகிறோம். நாடா தொடக்கத்துக்கு வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை அதே கட்டளை. டார் எந்தக் குறையும் சொல்லாமல் திங்கட்கிழமையின் மேலேயே எழுதும். சனிக்கிழமை எடுத்துப் பார்த்தால் நாடாவில் இருப்பது வெள்ளிக்கிழமை மட்டும். வாரம் முழுக்கப் பேக்கப் எடுத்த திருப்தி நமக்கு. ஓர் 'என்' செய்யும் வித்தியாசம் இவ்வளவு.

பிற்காலக் கருவிகளில் இன்னொரு சிக்கல் சேர்ந்தது. அவை நின்று நின்று ஓடுவதற்குக் கட்டப்பட்டவை அல்ல. ஒரே சீராக ஓட வேண்டியவை. 2000 இல் வந்த எல்டிஓ என்ற நாடா வகையின் முதல் தலைமுறை ஒரு பெட்டியில் 100 ஜிகாபைட்டை நொடிக்குச் சுமார் 20 மெகாபைட் வேகத்தில் எழுதியது. கணினி அந்த வேகத்துக்குத் தீனி போடாவிட்டால் நாடா ஓடி, நின்று, பின்னால் போய், மறுபடி ஓடும். செருப்புக்குப் பாலிஷ் போடுவதுபோல் ஒரே இடத்தில் முன்னும் பின்னும் தேய்க்கும். நேரமும் போகும், நாடாவும் தேயும். ஆயிரக்கணக்கான குட்டிக் கோப்புகளை நேரே நாடாவுக்கு அனுப்பாமல், முதலில் வட்டில் ஒரே டார் மூட்டையாகக் கட்டி, பிறகு டிடி கட்டளையால் பெரிய தொகுதிகளாக ஒரே மூச்சில் தள்ளுவது இதற்காகத்தான்.

2,880

ஒரே ஊரில் எழுதி அதே ஊரில் வாசிக்க டார் போதும். வானியலாளர்களின் தொல்லை வேறு. ஒரு ஆய்வகத்தின் கணினியில் ஒரு சொல்லுக்கு 16 பிட், இன்னொன்றில் 36, வேறொன்றில் 60. ஒரு நாட்டில் எழுதிய படத்தை இன்னொரு நாட்டில் திறக்க ஒவ்வொரு ஜோடிக்கும் தனி நிரல் வேண்டியிருந்தது. இதற்குத் தீர்வாக 1979 இல் உருவாகி, 1981 இல் வெல்ஸ், கிரைசன், ஹார்ட்டன் மூவரின் கட்டுரையாக வெளிவந்து, அடுத்த ஆண்டு பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் ஒப்புதல் பெற்றதுதான் ஃபிட்ஸ் வடிவம். அதன் பதிவு நீளம் 2,880 பைட். பார்வைக்குக் குருட்டாம்போக்கில் எடுத்த எண் மாதிரி இருக்கும். 2,880 பைட் என்பது 23,040 பிட். 6, 8, 12, 16, 18, 24, 32, 36, 48, 60, 64 எதனால் வகுத்தாலும் மீதியில்லாமல் போகும். எந்த நிறுவனத்தின் கணினியில் போட்டாலும் பாதிச் சொல் தொங்காது. பஞ்சாங்கக்காரர் முகூர்த்தம் பார்ப்பதுபோலப் பொருத்தம் பார்த்துத் தேர்ந்த எண்.

தலைப்பு 80 எழுத்து வரிகளாக இருக்கும். துளை அட்டையின் அகலம் 80 என்பதால் வந்த பழக்கம். ஒரு பதிவுக்கு 36 வரி. 1,600 அடர்த்தியில் 2,880 பைட் 1.8 அங்குலம், வெறுமையோடு 2.4. ஒரு சுருளுக்குச் சரியாக 12,000 பதிவு, அதாவது 34 மெகாபைட்டுக்குச் சற்று மேல். டாரைவிட இது கொஞ்சம் குறைவுதான். பிறகு பத்துப் பதிவுகள் வரை ஒரே தொகுதியாகக் கட்டலாம் என்று விதியைத் தளர்த்தியபோது 28,800 பைட் தொகுதி வந்தது. சுருளில் 44 மெகாபைட் ஏறியது.

உதகைக் குழு 1980களின் இறுதியில் புனேக்கு நகர்ந்து, நாராயண்காவ் அருகே கோடாடில் ஜிஎம்ஆர்டி தொலைநோக்கியைக் கட்டியது: 45 மீட்டர் விட்டமுள்ள 30 தட்டுகள். அங்கே மூலத் தரவு எல்டிஏ என்ற உள்ளூர் வடிவத்தில் எழுதப்படுகிறது. வெளியூர் ஆய்வாளருக்குக் கொடுக்கும் முன் ஜிவிஃபிட்ஸ் என்ற கட்டளை அதை ஃபிட்ஸாக மாற்றுகிறது. நாடா போய்விட்டாலும் 2,880 போகவில்லை.

ஈரம்

நாடாவின் எதிரி தூசு என்று பொதுவாகச் சொல்வார்கள். நீலகிரியில் ஈரம்தான் முதல் எதிரி. ஆக்சைடு துகள்களைப் பட்டையோடு ஒட்டிவைத்திருப்பது பாலியூரித்தேன் பசை. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சினால் அதன் மூலக்கூறுகள் நீரால் பிளந்துபோகும். பசை பிசுபிசுப்பாகி, நாடா ஓடும்போது கருவியின் வாசிப்புத் தலையில் பழுப்பாக அப்பிக்கொள்ளும். கீச்சென்று சத்தம் போடும். 1970கள், 80களின் சில நாடா வகைகளில் இது தொற்றுநோய் மாதிரி வந்தது. சுமார் 50 பாகை செல்சியஸுக்குச் சற்று மேலான சூட்டில் மணிக்கணக்காக உலர்த்தி, பசை தற்காலிகமாக இறுகியதும் உடனே ஒருமுறை வாசித்து வேறு ஊடகத்துக்கு மாற்றுவது இதற்கான வைத்தியம். வீட்டு அடுப்பில் செய்யும் காரியமல்ல. சூடு கொஞ்சம் ஏறினாலும் பட்டை சுருங்கிவிடும்.

எல்டிஓ நாடாவை நீண்ட காலம் வைக்க 16 முதல் 25 பாகை வெப்பமும் 20 முதல் 50 விழுக்காடு ஈரப்பதமும் பரிந்துரைக்கப்படுகின்றன. உதகையின் வெப்பம் பரவாயில்லை. ஈரப்பதம்தான் ஆகாது. ஜூனில் தென்மேற்குப் பருவமழை தொடங்கி, அக்டோபர், நவம்பரில் வடகிழக்கு மழையும் முடியும்வரை மூடுபனி ஜன்னல் வழியே அறைக்குள் நடமாடும் ஊர் அது. பீரோவிலுள்ள தோல் செருப்பில் பூஞ்சை பூக்கும் அறையில் நாடாவும் பூக்கும். ஏசி குளிர வைக்கும். இங்கே தேவை குளிரல்ல, ஈரம் உறிஞ்சும் கருவி.

பயணமும் ஆபத்து. ஜனவரியில் புல்வெளியில் உறைபனி படியும் காலையில், சூடேற்றாத அறையிலிருந்து எடுத்த நாடாவைக் கீழே மேட்டுப்பாளையம் வெக்கையில் உடனே பிரித்தால், குளிர்ந்த பட்டையின் மேல் வியர்வை போல நீர் கோக்கும். சுழலும் உருளையில் நாடாவைச் சாய்வாகச் சுற்றி வாசிக்கும் 4 மில்லிமீட்டர் டிடிஎஸ் கருவிகளில் அந்த ஈரம் பட்டையை உருளையோடு ஒட்டவைத்துக் கசக்கிவிடும். நாடாவைப் பெட்டியோடு, மூடியபடி, புதிய அறையில் ஒருநாள் வைத்துவிட்டுப் பிறகே கருவியில் போட வேண்டும். மலையிறங்கி வந்த அவசரத்தில் யாருக்கும் அந்த ஒருநாள் பொறுமை இருப்பதில்லை.

பெயரில்லாத நாடா

பழைய அலமாரியைக் காலி செய்யும்போது சீட்டு உதிர்ந்த நாடா கிடைப்பது சகஜம். ஓட்டுவதற்குக் கருவி கிடைப்பதே முதல் தடை: எல்டிஓ முதல் தலைமுறை நாடாவை மூன்றாம் தலைமுறைக் கருவி வரைதான் வாசிக்கும், நான்காவது வாசிக்காது. கருவி கிடைத்துவிட்டால், எழுதவிடாத பூட்டை முதலில் போட்டுவிட்டு, டார் போடாமல் டிடி-யைக் கொண்டு நாடி பார்க்க வேண்டும். என்எஸ்டி0 பெயரில், தாராளமாக 256 கிலோபைட் கேட்டு, ஒரே ஒரு தொகுதியை மட்டும் வாசிக்கச் சொல்லலாம். நாம் கேட்டதைவிடத் தொகுதி பெரிதாக இருந்தால் லினக்ஸ் 'நினைவகம் ஒதுக்க முடியவில்லை' என்று சம்பந்தமில்லாத ஒரு பிழையைச் சொல்லும். நினைவகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்னும் பெரிதாகக் கேட்க வேண்டும், அவ்வளவே. சிறிதாக இருந்தால் எத்தனை பைட் வந்தது என்று டிடி கடைசி வரியில் சொல்லும். 2,880 அல்லது 28,800 என்றால் அநேகமாக யாரோ ஒரு வானியலாளர் எழுதியது. வந்த தொகுதியின் முதல் 80 எழுத்தைத் திறந்தால் 'சிம்பிள்' என்ற சொல்லில் தொடங்கும். 10,240 என்றால் டார். நாடாவைத் தொடக்கத்துக்குச் சுற்றிவிட்டு, சி-யில் விரல் படாமல், டி எழுத்தைப் போட்டுப் பட்டியல் கேட்கலாம்.